விசிலுக்குப் படுக்கும் தீ

தீயணைப்பு நிலையத்துக்கு எதிர் வீட்டில் குடியிருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. பொழுது போகவில்லையே என்று ஒரு நாளும் கவலைப்பட வேண்டாம். எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அவர்களுடைய பயிற்சி மைதானம். நான் வேண்டுமென்று பார்ப்பதில்லை. வெங்காயம் நறுக்கும்போது கண் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்?

முன்பெல்லாம் அங்கே நிஜ நெருப்பு வைத்துத்தான் பயிற்சி நடந்தது. பழைய டயர்களைக் குவித்து, டீசல் ஊற்றிக் கொளுத்துவார்கள். வீரர்கள் ஓடுவார்கள், நுரையைப் பீய்ச்சுவார்கள், அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். புகை மட்டும் போகாது. அது தெருவைக் கடந்து வந்து, ஒவ்வொரு வீட்டுத் துணிக்கொடியையும் நலம் விசாரித்துவிட்டு, வெள்ளைத் துணியாகப் பார்த்துத் தங்கிவிடும். நுரை சாக்கடையில் இறங்கித் தெருக்கோடிக் குளத்துக்குப் போனது. அதற்குப் பிறகு குளத்துத் தவளைகள் கத்தி யாரும் கேட்டதில்லை.

மூன்றாம் வீட்டு டீச்சர் ஒரு மனு எழுதினார். அவர் வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றவர், திருத்துவதிலிருந்து இல்லை. பயிற்சி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. டயர், டீசல், நுரை மூன்றும் வேண்டாம். மனுவில் இருந்தது அவ்வளவுதான். தெருவே கையெழுத்துப் போட்டது.

நியாயமான மனு. அதில்தான் வம்பு. அநியாயமாக ஏதாவது கேட்டிருந்தால் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள்.

ஒரு நாள் லாரியில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி வந்து இறங்கியது. ஒரு அறை அளவு இருக்கும். கதவு, ஜன்னல் எல்லாம் உண்டு. அதற்குள் காய்ந்த விறகையோ கேஸையோ எரித்துப் பயிற்சி செய்யலாம். புகை கொஞ்சம்தான். ஏதாவது விபரீதம் என்றால் வெளியே நிற்பவர் ஒரு திருகு திருகி கேஸை நிறுத்திவிடலாம். அணைக்கிற தண்ணீர் அடியிலிருக்கும் தொட்டியில் சேரும். வடிகட்டி மறுபடி உபயோகிக்கலாம். காற்று குடியிருப்புப் பக்கம் அடித்தால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது. எல்லாவற்றையும் படம் போட்டுப் பெட்டியின் கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். டீச்சர் நேரில் போய்ப் படித்துவிட்டு வந்து, "எழுத்துப்பிழைகூட அதிகம் இல்ல" என்றார். அவர் வாயால் அது பெரிய பாராட்டு.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பெட்டியோடு கூடவே நிலையத்துக்கு ஒரு புது இயக்குநரும் வந்து இறங்கினார்.

இயக்குநர் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டார்.

"இதுல புகை வருமா?"

"கொஞ்சமா வரும் சார்."

"கொஞ்சம்னா?"

"ரொம்பக் கொஞ்சம் சார்."

"ஒருத்தரைக் கொஞ்சமா கொன்னா பரவாயில்லையா?" என்றார் இயக்குநர். இப்படிப் பதில் தெரியாத கேள்வியாகக் கேட்டே அவர் அந்தப் பதவிக்கு உயர்ந்திருந்தார்.

அந்த வாரமே "தீங்கற்ற தீக் குழு" அமைக்கப்பட்டது. குழு உட்கார நாற்காலிகள் வந்தன. நாற்காலிகளை வைக்க இடமில்லை. இரும்புப் பெட்டி காலியாகத்தானே இருந்தது, அதற்குள் அடுக்கினார்கள். கதவிலிருந்த படங்களின்மேல் "பொருள் வைப்பறை" என்று ஒரு தாளை ஒட்டினார்கள். அடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் மண் கொட்டிப் பூச்செடி வைத்தார்கள். பூக்கள் நன்றாகவே வந்தன. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் மாடிக்கு ஒரு இளம் தம்பதி குடிவந்தார்கள். அவன் எதிர் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்தவன். அங்கே எல்லாரும் அவனைப் "புதுசு" என்று கூப்பிட்டார்கள். தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. அவன் மனைவிக்கு வாயும் கையும் ஒரே வேகம். வந்த மறுநாளே சர்க்கரை கேட்டுக் கீழே வந்தாள். கிண்ணம் நிறைவதற்குள் பாதிக் குடும்ப விவரம் என் கைக்கு வந்துவிட்டது.

"அக்கா, இவர் அடுப்புப் பத்த வெக்கணும்னா லைட்டரை நீட்டிட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. இவரைப் போய் தீயணைக்கிற வேலைக்கு எடுத்திருக்காங்க."

"எப்படிம்மா எடுத்தாங்க?"

"பரீட்சை எழுதினாரு. அதுல நெருப்பு இல்லையே."

மாடிப்படியில் நின்றிருந்த புதுசுக்குக் காது சிவந்துவிட்டது. "பயம்னு இல்லக்கா. பழக்கம் இல்ல. பக்கத்துல விவரம் தெரிஞ்சவங்க நிக்க, ஒரே ஒரு தடவை நிஜ நெருப்பு முன்னாடி நின்னு பாத்துட்டேன்னா போதும். நான் ஓடுற ஆளா, நிக்கிற ஆளான்னு தெரிஞ்சிடும். பயிற்சி முடிஞ்சதும், தீப்பிடிச்ச இடத்துக்குப் போற முதல் வண்டியில ஏத்திடுவாங்க. அங்க போயி, உள்ள ஆளு மாட்டிக்கிட்டு கத்துறப்பவா நான் இதைக் கண்டுபிடிக்கிறது?"

கேட்டது நியாயம்தான். எங்கள் மனுவைப் போலவே. அதில்தான் வம்பு என்று அப்போதே எனக்குப் பட்டது.

புதுசின் முதல் பயிற்சி நாளன்று குழு பெரிய மனது பண்ணி ஒரு மெழுகுவர்த்திக்கு அனுமதி தந்திருந்தது. விறகு, கேஸ், அகல் எல்லாம் விவாதத்தில் தோற்றுப்போக, கடைசியில் மிஞ்சியது அது. மைதானத்து நடுவில் ஒரு மேஜை, மேஜைமேல் மெழுகுவர்த்தி, சுற்றிலும் தலைக்கவசம், பூட்ஸ், முதுகில் காற்று சிலிண்டர் சகிதம் ஒரு படையே நின்றது. ஓரத்தில் ஒரு ஆம்புலன்ஸ், எஞ்சினை அணைக்காமல் கரும்புகை விட்டுக்கொண்டு காத்திருந்தது.

டீச்சர் வேலிப் பக்கம் போய், "இந்தப் புகை?" என்று கேட்டார்.

"அது பாதுகாப்புப் புகைம்மா" என்றார் இயக்குநர். "கணக்குல வராது."

பிறகு அவர் மேஜையருகே குனிந்து, "ஆரம்பிக்கலாம்" என்றார். அந்த 'லாம்' பட்டு மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது.

அப்புறம் யாரோ ஒருவர் கை தட்டினார், எல்லாரும் தட்டினார்கள். புதுசு கையில் குழாயோடு நின்றவன் நின்றபடியே இருந்தான். வீரர்கள் நெருங்குவதற்கு முன்பே தீ கட்டுக்குள் கொண்டுவரப்பட்டதாக அறிவிப்புப் பலகையில் எழுதினார்கள். ஆனால் குழுவுக்குத் திருப்தியில்லை. அணையும்போது திரியிலிருந்து ஒரு நூல் புகை எழும்பியிருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். மெழுகுவர்த்தியும் தடை செய்யப்பட்டது.

எரியாத தீ வேண்டும், ஆனால் அது தீயாகவும் இருக்க வேண்டும். குழு இதற்காகப் பல கூட்டங்கள் உட்கார்ந்தது. முடிவில் 'மீசை' என்று பேர் வாங்கிய ஒரு வீரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

மீசை நிலையத்திலேயே மூத்த வீரர். டயர் காலத்திலிருந்து இருப்பவர். நிஜமாக எரிகிற கட்டடத்துக்குள் போய் வந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். இந்த அனுபவத்தை என்ன செய்வது என்று நிர்வாகத்துக்கு நெடுநாளாகத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது: நெருப்பை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவரைவிட நெருப்பாக நடிக்கத் தகுதியான ஆள் யார்?

சிவப்பில் ஒரு அங்கி தைத்தார்கள். விளிம்பெல்லாம் மஞ்சள் கொசுவம். தலைக்கு ஆரஞ்சு நிறத்தில் கூம்பு. முதல் நாள் மீசை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். "இந்த வயசுல எனக்கு இது தேவையா?" என்று குழாயடியில் புலம்பியதை நானே கேட்டேன். ஆனால் மனிதர் கையை விரித்து இரண்டு ஆட்டு ஆட்டியதும், நின்றிருந்த இளம் வீரர்கள் ஓரடி பின்வாங்கினார்கள் பாருங்கள், அன்றைக்கு அவருக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. மறுநாளிலிருந்து அவரே ஆர்வமாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"சார், இன்னைக்கு எப்படித் தீ? குபீர்னு கிளம்புற தீயா, கங்குலேர்ந்து பரவுற தீயா?"

"டீ நேரத்துக்குள்ள முடியற தீ."

"சரி சார்."

அறிவிப்புப் பலகையில் தினமும் "இன்றைய தீ: மீசை" என்று எழுதினார்கள். முழங்கால் வலி என்று அவர் வராத நாட்களில் "தீ விடுப்பில்" என்று எழுதிவிட்டுப் படையை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இயக்குநர் பாதுகாப்பையும் விட்டுவிடவில்லை. அவர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். பயிற்சியில் யாருக்காவது மூச்சுத் திணறினால், கால் இடறினால், கொட்டாவி வந்தால், இயக்குநர் விசில் அடிப்பார். விசில் கேட்ட நொடியே தீ படுத்துவிட வேண்டும். படுத்த தீ, எழுந்திருக்கச் சொல்லும்வரை அசையக் கூடாது, பேசக் கூடாது. மீசை இதில் கைதேர்ந்துவிட்டார். உச்சத்தில் ஆடிக்கொண்டிருப்பவர் விசில் சத்தத்துக்கு வெட்டிப்போட்ட வாழைமாதிரி சாய்வார். பார்க்கவே அழகாக இருக்கும்.

அடுத்து தண்ணீர். தீயே எரியாதபோது அதன்மேல் தண்ணீரைக் கொட்டுவது வீண் என்று குழு கண்டுபிடித்தது. மைதானத்து ஓரத்தில் இருந்த தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சக்கரத்தைப் பச்சை ரிப்பனால் கட்டி, "நீர் உயிர். திறக்காதீர்" என்று பலகை மாட்டினார்கள். இனி வீரர்கள் காலிக் குழாயைத் தீக்கு நேரே பிடித்து, வாயால் "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுக்க வேண்டும். சத்தத்தின் நீளம், அழுத்தம் இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண்.

புதுசுக்கு அதில் குறைவு. "உன் தண்ணியில ஃபோர்ஸ் இல்லப்பா" என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து சாதகம் பண்ண ஆரம்பித்தான். நான் ஒரு சாயங்காலம் கேஸ் கசிகிறது என்று பதறிப்போய் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். பார்த்தால் புதுசு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறான், கன்னம் இரண்டும் உப்பி.

"பாருங்கக்கா கூத்தை" என்றாள் மனைவி. "ஊர்ல எல்லாரும் எங்கம்மாகிட்ட, நெருப்பை அணைக்கிற ஆளுக்குப் பொண்ணு குடுத்திருக்கீங்களான்னு பெருமையா கேக்குறாங்க. நான் இங்க பாம்போட குடும்பம் நடத்துறேன்."

புதுசு சிரிக்கவில்லை. "பயிற்சி முடியப்போகுதுக்கா. இன்னும் ஒரு தடவைகூட நெருப்பைப் பாக்கல" என்றான். "மீசை அண்ணன் நல்லாத்தான் ஆடுறாரு. ஆனா அவரு சுடலையே."

பயிற்சி முடிய இருந்த சமயத்தில் இயக்குநர் வீரர்களைத் தரையில் உட்கார வைத்து, சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். கேட்கக் கூடாது என்பதுதான் அதற்குப் பொருள் என்று அனுபவசாலிகளுக்குத் தெரியும். புதுசு கையைத் தூக்கிவிட்டான்.

"சார், பெட்டியில இருக்குற நாற்காலியெல்லாம் வெளிய எடுத்துட்டு, ஒரே ஒரு தடவை, கொஞ்சம் காஞ்ச விறகு வெச்சு, காத்து அந்தப் பக்கம் அடிக்கிற நாளாப் பாத்து..."

"எதுக்கு?"

"நிஜத் தீ எப்படி இருக்கும்னு பாக்கத்தான் சார்."

இயக்குநர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, மைக்கைத்தான் கேட்பார். மைக் வந்தது.

"இந்தத் தம்பி கேட்டது நல்ல கேள்வி. இந்த மைதானத்துல நான் வந்த நாள்லேர்ந்து ஒருத்தருக்காவது ஒரு கொப்புளம் வந்திருக்கா? இல்ல. ஒருத்தர் இருமினாரா? இல்ல. நிஜத் தீயில இந்த மாதிரி ஒரு ரிசல்ட்டை யாராவது காட்ட முடியுமா? முடியாது. அப்போ எதுல தப்பு? நிஜத் தீயிலதான் தப்பு! அதுக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. விசில் அடிச்சாப் படுக்கணும்னுகூட அதுக்குத் தெரியாது. அந்த மாதிரி ஒழுக்கமில்லாத ஒண்ணை நம்ம வளாகத்துக்குள்ள கூட்டிட்டு வரச் சொல்றியா?"

பலத்த கைதட்டல். மீசை எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார். புதுசு கையை இறக்கிக்கொண்டான்.

எங்கள் ஊரில் தீ விபத்து அபூர்வம். அது எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் நிலையம் அதைத் தன் சாதனைகளில் சேர்த்துக்கொண்டது. அதனால்தானோ என்னவோ, அந்த வருடம் அவர்களுக்கு ஒரு விருது அறிவித்தார்கள். ஒரு பொறிகூட இல்லாமல் உயிர்த்தீப் பயிற்சி, அதாவது நிஜ நெருப்புப் பயிற்சி, நடத்தியதற்காக.

விழா மைதானத்திலேயே நடந்தது. பெட்டியை ஒட்டி மேடை போட்டார்கள். நாற்காலிகளில் பாதி விருந்தினர்களுக்கு வெளியே வந்தன. மீதிப் பாதியும் பழைய பேனர்களும் உள்ளேயே கிடந்தன. ஒலிபெருக்கியின் ஆம்ப்ளிஃபையர் கண்ணுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று அதையும் பெட்டிக்குள் தள்ளி, பேனர் குவியலின்மேல் வைத்துக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்கள். ஒயர்கள் ஒன்றோடொன்று சொருகி, முடிச்சு விழுந்து, பாம்புக் குட்டிகள்மாதிரி நெளிந்து உள்ளே போயின. நானும் புதுசின் மனைவியும் மாடியில் நின்றிருந்தோம். மாடியிலிருந்து எல்லாம் தெரியும்.

முதல் வரிசையில் படை, கையில் காலிக் குழாயோடு. குழாயின் நுனியில் முதல் ஆளாகப் புதுசு. அன்றைக்குச் செயல்விளக்கம் முடிந்தால் அவன் பயிற்சி முடிந்தது. மறுநாளிலிருந்து முதல் வண்டி. மேடை ஓரத்தில், ரிப்பன் கட்டிய சக்கரத்துக்குப் பக்கத்தில், புது அங்கியில் மீசை. முகத்திலிருந்த மீசைக்கும் ஆரஞ்சு சாயம் பூசியிருந்தார்.

இயக்குநர் பேசினார். பூமியைப் பற்றிப் பேசினார், காற்றைப் பற்றிப் பேசினார், நீரைப் பற்றிப் பேசினார். பேச்சு நீள நீள ஆம்ப்ளிஃபையர் சூடாகிக்கொண்டே போயிருக்கிறது. அந்தத் தீ இயக்குநர் வாயிலிருந்துதான் கிளம்பியது என்று டீச்சர் இன்றைக்கும் சொல்கிறார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பேச்சில் சூடே இல்லை, ஒயரில்தான்.

பெட்டிக் கதவிடுக்கில் முதலில் ஒரு கோடு புகை வந்தது. அப்புறம் கயிறு அளவு. தலைமை விருந்தினர் முகம் மலர்ந்து, "பிரமாதம், புகைகூட நிஜம் மாதிரியே!" என்றார். இயக்குநர் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம்தான். விசிலை எடுத்து அடித்தார்.

மீசை வாழையாகச் சாய்ந்தார்.

புகை சாயவில்லை. கதவிடுக்கில் ஒரு சிவப்பு நாக்கு எட்டிப் பார்த்தது. இயக்குநர் இன்னும் ஓங்கி அடித்தார். மீசை தரையோடு தரையாகப் பதிந்தபடி தலையை மட்டும் திருப்பிச் சொன்னார்:

"சார், நான் படுத்துட்டேன். அது நான் இல்ல."

படை கலங்கவில்லை. பயிற்சி பெற்ற படையல்லவா? குழாயைத் தூக்கிக்கொண்டு பெட்டி முன்னால் வரிசையாக நின்று, ஒரே குரலில் "ஸ்ஸ்ஸ்" என்றார்கள். அவ்வளவு நீளமான, அழுத்தமான "ஸ்ஸ்ஸ்" அந்த மைதானம் கேட்டதில்லை. எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டிருக்கலாம். கதவு பட்டென்று திறந்துகொண்டது. உள்ளேயிருந்து வெக்கை அடித்தது. மாடியில் நின்ற எங்கள் முகத்திலேயே அது உறைத்தது. பின்னால் நின்றவர்கள் குழாயைப் போட்டுவிட்டு விலகினார்கள். புதுசு ஒருவன்தான் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தை உப்பி, இன்னும் ஊதிக்கொண்டிருந்தான்.

"என்னங்க!" என்று என் காது கிழிய அவன் மனைவி கத்தினாள். "வாயால ஊதாதீங்க! தண்ணியைத் திறங்க!"

புதுசு எங்களை நிமிர்ந்து பார்த்தான். நெருப்பைப் பார்த்தான். குழாயைக் கீழே போட்டான். ஓடினான்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. "ஓடிட்டாரே அக்கா" என்றாள், காற்றாக.

ஓடினான்தான். ஆனால் வாசல் பக்கம் இல்லை. சக்கரத்துப் பக்கம். பச்சை ரிப்பனைப் பல்லால் கடித்துப் பிய்த்தான். சக்கரம் துருப்பிடித்துக் கிடந்தது, அசையவில்லை. பக்கத்தில் அணைந்து கிடந்த மீசை, எழுந்திருக்காமல், படுத்தபடியே ஒரு கையை நீட்டிச் சக்கரத்தின் அடிவிளிம்பைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் இல்லடா, இந்தப் பக்கம். சேர்ந்து தள்ளு. டேய், யாராவது முதல்ல கரண்டைப் புடுங்குங்கடா! கரண்டு இருக்கப்ப தண்ணி அடிக்காதே!"

யாரோ பிளக்கைப் பிடுங்கினார்கள். இயக்குநரின் மைக் செத்தது. அன்றைக்கு நடந்த முதல் நல்ல காரியம் அது.

புதுசு ஓடிப்போய்க் குழாயின் நுனியைத் தூக்கவும் தண்ணீர் வந்தது. காலிக் குழாயை மட்டுமே தூக்கிப் பழகிய கைக்கு, தண்ணீர் நிறைந்த குழாய் என்னவென்று எப்படித் தெரியும்? அது புதுசைத் தூக்கிக் குப்புறப் போட்டது. எழுந்திருக்கப் போனான்.

"எழுந்திரிக்காதே!" தரையிலிருந்து மீசை கத்தினார். "அப்படியே தவழ்ந்து போ! புகை மேல நிக்கும், நீ கீழ இரு! கதவுக்கு நேரா போகாதே, ஓரமாப் போ! மேல ஆடுறதை அடிக்காதே, அதெல்லாம் சும்மா நம்ம மாதிரி. தீயோட காலடியில அடி! காலடியில!"

புதுசு தவழ்ந்தான். ஒரு முறை நின்றுவிட்டான். முகத்தை முழங்கைக்குள் புதைத்துக்கொண்டான், லைட்டர் பற்ற வைக்கும்போது திருப்பிக்கொள்வதைப்போல. பிறகு முகத்தை எடுத்து நெருப்பைப் பார்த்தான். குழாயை நீட்டினான். வெட்கமோ என்னவோ, மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து அவன் பின்னால் படுத்துக் குழாயைப் பிடித்தார்கள். இந்த முறை சத்தம் குழாயிலிருந்து வந்தது.

நாற்காலிகளும் பேனர்களும் போயின. கொஞ்சம் நாற்றம் அடித்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எரிவதற்கென்றே செய்த பெட்டி. கதவில் ஒட்டியிருந்த "பொருள் வைப்பறை" தாள் பொசுங்கி உதிர்ந்ததும் அடியில் அந்தப் படங்கள் மறுபடி தெரிந்தன. காற்று எதிர்ப் பக்கம் அடித்தது. தண்ணீர் முழுக்க அடித்தொட்டியில் இறங்கிப் பூச்செடிகளுக்குப் போனது. யோசித்துப் பார்த்தால், அந்த நிலையத்தில் பத்திரமாக, ஊருக்கு அதிகம் தொந்தரவில்லாமல் நடந்த ஒரே உயிர்த்தீப் பயிற்சி அதுதான்.

முடியும் தறுவாயில் இயக்குநர் மூன்றாவது முறை விசில் அடித்தார்.

நாங்கள் கீழே ஓடினோம். புதுசு பூச்செடிக்குப் பக்கத்தில் கரியாக உட்கார்ந்திருந்தான். ஒரு புருவம் இல்லை. மனைவியைப் பார்த்ததும் பல்லைக் காட்டினான்.

"நின்னுட்டேன்டி."

"நிக்கல. தவழ்ந்தீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

விசாரணை வைத்தார்கள். விசாரணை அறை ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. நான் அந்தப் பக்கமாகக் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தேன். காய்கறிக்காரர் சில்லறை தேட நேரமாயிற்று. முதலில் மீசை.

"விசில் அடிச்சப்போ நீங்க அணைஞ்சுட்டீங்க. சரிதானே?"

"சரி சார்."

"அணைஞ்ச தீ கையை நீட்டலாமா?"

"நீட்டக் கூடாது சார்."

"பேசலாமா?"

"பேசக் கூடாதுதான் சார். ஆனா பையன் நேராக் கதவுக்கே..."

"அணைஞ்ச தீ மறுபடி பேச ஆரம்பிச்சா அதுக்கு என்ன பேரு? மறுபடி பத்திக்கிச்சுன்னு பேரு. நம்ம நிலையத்துல இதுவரைக்கும் நடக்காத அசம்பாவிதம் இது."

மீசை தலையைக் குனிந்துகொண்டார். அங்கியைக் கழற்றி வைக்கும்போது அவர் கண் கலங்கியதாகக் கேள்வி. தண்டனையாக அவரை முதல் வண்டிக்கு மாற்றினார்கள்.

புதுசின் விஷயம் சிக்கல். அனுமதியில்லாமல் நிஜத் தீயை அணைத்திருக்கிறான், ரிப்பனைக் கடித்திருக்கிறான். ஆனால் தலைமை விருந்தினர் மேலிடத்தில் அவனைப் புகழ்ந்துவிட்டுப் போயிருந்தார், தண்டிக்க முடியாது. இயக்குநர் எழுந்து நின்று தீர்ப்பைச் சொன்னார்.

"தீ மூணாவது விசில்ல அணைஞ்சது. இதுல யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அந்த நேரத்துல இந்தத் தம்பியும் அங்க இருந்தாரு. நெருப்பை அவ்வளவு கிட்டத்துல பாத்தவரு இப்போ நம்மகிட்ட இவரு ஒருத்தர்தான் மிச்சம். இந்த அனுபவத்தை வண்டியில ஏத்தி வீணடிக்க முடியுமா?"

மறுநாள் பலகையில் "இன்றைய தீ: புதுசு" என்று எழுதியிருந்தது.

மனைவிக்கு முதலில் சந்தோஷம்தான். "விடுங்க, நல்லதாப் போச்சு. எரியற வீட்டுக்குள்ள ஓட வேண்டாம், சாயங்காலம்வரைக்கும் படுத்து எழுந்திரிச்சா போதும்" என்று ஆறுதல் சொன்னாள். இரண்டு நாள் அடுப்பைப் புதுசே பற்ற வைத்தானாம், முகத்தைத் திருப்பாமல். தீக்குச்சி விரலருகே வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றானாம்.

அடுத்த அணி பயிற்சிக்கு வந்தது. எல்லாம் இன்னும் மீசை முளைத்து முடியாத முகங்கள். ஒருவன்கூட நெருப்பைப் பார்த்தவன் இல்லை. நான் ஜன்னலில் வெங்காயத்தோடு இருந்தேன். புதுசு சிவப்பு அங்கியில் மைதானத்து நடுவில் நின்று கையை விரித்தான். மீசையளவுக்கு அழகாக ஆடவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பையன்கள் காலிக் குழாயை நீட்டி "ஸ்ஸ்ஸ்" என்றார்கள். இயக்குநர் விசில் அடித்தார்.

தீ படுக்கவில்லை.

இயக்குநர் விசிலை உதறிப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தார். தீ நின்றது. உதட்டை அசைக்காமல், முன்னால் நின்ற பையன்களிடம் அது பேசியது.

"குனிஞ்சு வாங்கடா. நேரா வராதீங்க, ஓரமா. வாயை மூடு. சக்கரம் அங்க இருக்கு, ரிப்பன் மறுபடி கட்டல. போ, திற. காலடியில அடிக்கிறவரைக்கும் நான் படுக்க மாட்டேன்."

பையன்கள் முழித்தார்கள். ஒருவன் போய்ச் சக்கரத்தைத் திருகினான். குழாய் அவர்களைத் தள்ளியது, உருட்டியது, சேற்றில் புரட்டியது. தலையில் அடித்தார்கள், தீ நின்றது. மார்பில் அடித்தார்கள், தீ நின்றது. கடைசியில் ஒருத்தன் வயிற்றால் ஊர்ந்து வந்து கணுக்காலில் அடித்தான். புதுசு மெதுவாக முழங்கால் மடங்கி, இடுப்பு மடங்கி, அவசரமே இல்லாமல் அணைந்தான். இயக்குநர் அதுவரை விசில் அடித்துக்கொண்டே இருந்தார். அன்றைய பலகையில், விசிலுக்குத் தீ உடனே கட்டுப்பட்டது என்று எழுதியிருந்தது.

தினமும் இப்படித்தான் நடக்கிறது. சாயங்காலமானால் எங்கள் மாடிக்கொடியில் அந்தச் சிவப்பு அங்கி சொட்டச் சொட்டத் தொங்குகிறது. சாயம் மட்டமான சாயம். நேர்கீழே என் கொடி. என் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டன.

டீச்சர் வேலியோரம் நின்று அதைப் பார்த்தார். பேனாவின் மூடியைக் கழற்றியேவிட்டார்.

"நியாயமா, சுருக்கமா ஒரு மனு எழுதிடட்டுமா?"

"வேண்டாம் டீச்சர்" என்றேன். "சத்தம் போடாதீங்க. இயக்குநர் காதுல விழுந்தா இதையும் நிறுத்திடுவாரு."

ஸ்டூலை எடுத்துப்போட்டு ஏறி, என் கொடியை அவிழ்த்து, நாலு அடி தள்ளிக் கட்டிக்கொண்டேன்.